புயல் வந்தால் மீனைக் குளத்திலேயே விடுங்கள்

போன புயலுக்கு மறுநாள் விடியற்காலையில் ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் பதினொரு கோய் கெண்டைகள். எட்டு செத்து மிதந்தன. மிச்சம் மூன்றும் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து திறந்து திறந்து மூடின. தண்ணீரின் மேல் சோப்புப் போட்டதுபோல நுரை கட்டியிருந்தது. “மழையில் கிடக்க வேண்டாமே என்று பத்திரமாக உள்ளே கொண்டுவந்தோம் டாக்டர்” என்று அந்த அம்மா அழுதார். கொல்லைப்புறக் குளத்தை எட்டிப் பார்த்தேன். மேலே ஒரே இலையும் சுள்ளியும். கீழே, வலையில் சிக்காமல் தப்பிய இரண்டு மீன்கள் துடுப்பை மெல்ல அசைத்தபடி நிம்மதியாக நின்றுகொண்டிருந்தன.

இந்தப் பருவத்தில் நான் பார்த்த மூன்றாவது தொட்டி இது. எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்வது? இங்கேயே எழுதிவிடுகிறேன்.

புயல் காற்று நீரின் மேற்பரப்பைத்தான் புரட்டும். போதிய ஆழமுள்ள குளத்தில் அடிப்பகுதி அமைதியாகவே இருக்கும். மீன் தானாகவே கீழே இறங்கிப் பதுங்கிக்கொள்ளும். அதை வலைபோட்டுத் துரத்திப் பிடிக்கும்போதே மேலிருக்கும் வழவழப்புப் பூச்சு உரிந்துபோகிறது. பயந்த மீனுக்கு மூச்சும் அதிகம் தேவை. அந்த நேரம் பார்த்து 60 லிட்டர் தொட்டியில் பத்து மீனை அடைத்தால் ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் தாங்கும்? குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் செவுளை அரித்துவிடும். “குளத்துத் தண்ணீரைத்தானே ஊற்றினேன்” என்பார்கள். சரி, குளோரின் இல்லை. ஆனால் மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பில்டரிலும் கல்லிலும் குளத்துச் சுவரிலும் ஒட்டி வாழ்பவை. தண்ணீரை மொண்டு வந்தால் அவையும் கூடவே வந்துவிடாது. “ஏர் பம்ப் போட்டேனே” என்பார்கள். கரண்ட் போனதும் அதுவும் நின்றிருக்கும். குளத்துக்கு அடியில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்து தண்ணீர் வடிந்தால் மட்டும் மீனை வெளியே எடுங்கள். அப்போதும் பெரிய தொட்டி, குளத்துத் தண்ணீர், மேலே வலை, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப், இந்த நான்கும் வேண்டும்.

குளத்தில் இருக்கும் மீனைப் புயலில் பெரும்பாலும் கொல்வது மூச்சுத்திணறல்தான். வானம் இரண்டு நாள் இருண்டு கிடந்தால் பாசி ஆக்சிஜனை உண்டாக்காமல் உறிஞ்சத்தான் செய்யும். குளிர்ந்த மழைநீர் கீழே இறங்கி அடிச்சேற்றைக் கலக்கிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். அது 3-க்குக் கீழே போனால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். பொழுது விடிவதற்குச் சற்று முன்புதான் நிலைமை மிக மோசம். பெரிய மீன்கள் செத்து, குட்டிகள் பிழைத்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆக்சிஜனைத்தான். பெரிசு சிறிசு எல்லாம் ஒன்றாகப் போயிருந்தால் நஞ்சைத் தேடுவேன்.

அதனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள், புயல் செய்தி வந்த பிறகு ஓடாதீர்கள். அது இல்லாவிட்டால் வாளியில் குளத்து நீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கை வலிக்கும், ஆனாலும் பலன் உண்டு. கையை நீரில் விடுவதற்கு முன் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். புயலுக்கு முந்தின நாளிலிருந்தே தீனியை நிறுத்துங்கள், கரண்ட் வரும்வரை போடவே வேண்டாம். பட்டினியால் மீன் சாகாது. மீன் வெளியே போய்விடாமல் குளத்தின் மேல் வலையை இறுக்கிக் கட்டுங்கள், நீர் வழியும் வாய்க்கும் சல்லடை போடுங்கள்.

புயலுக்கு முன் குளத்தைப் பாதியாக இறைத்து வைக்கும் பழக்கத்தை விடுங்கள். நீர் குறைந்தால் மழை அதை இன்னும் வேகமாக மாற்றும். அமிலத்தைச் சமாளிக்கும் காரத்தன்மை மழைநீரில் அநேகமாக இல்லை. மழைநீர் நிறையச் சேர்ந்தால் பி.எச்., அதாவது நீரின் அமில-கார அளவு, சட்டென்று சரியும். காரத்தன்மையைச் சோதித்துப் பார்த்து, குறைந்திருந்தால் மட்டும் 1000 லிட்டருக்கு 30 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். காரத்தன்மை லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம் ஏறும். துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டிலிருந்து வடியும் நீரும், உரம் போட்ட பாத்தியிலிருந்து ஓடிவரும் நீரும் குளத்தில் விழவே கூடாது.

அப்புறம், கரண்ட் வந்ததும் பில்டரை அப்படியே போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. பல மணி நேரம் நின்றுபோன பில்டருக்குள் நீர் கெட்டுப்போயிருக்கும். திறந்து மோந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே இருக்கும் நீரை முழுக்க வெளியே கொட்டி, பஞ்சையும் கற்களையும் குளத்து நீரில் அலசிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.