கையால் சுற்றிய வாஷிங் மெஷின்: அரைச் சுற்றில் இருந்த சூட்சுமம்

ஒரு தொட்டி சோப்புத் தண்ணீரில் துணியைப் போட்டு ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? முதலில் தண்ணீர் நன்றாகக் கலங்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் துணியும் ஒரே வேகத்தில் சேர்ந்து சுழல ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு இரண்டுக்கும் இடையே உரசலே கிடையாது. சுற்றுகிறவருக்குத் தோள் வலிதான் மிச்சம். அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். மின் மோட்டார் வருவதற்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒன்றரை நூற்றாண்டு காலம் புழங்கிய கைவிசை வாஷிங் மெஷின்கள் பெரும்பாலும் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டின.

அழுக்கு துணியின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நூலுக்குள் இருக்கும் இழைகளுக்கு நடுவிலும் புகுந்திருக்கும். தண்ணீர் துணியின் மேலே ஓடிப் போனால் அந்த இடுக்குகளில் தேங்கிய நீர் அசையாது. துணி மடங்க வேண்டும், நசுங்க வேண்டும், மறுபடி விரிய வேண்டும். நசுங்கும்போது உள்ளிருக்கும் அழுக்கு நீர் வெளியே தள்ளப்படுகிறது. விரியும்போது புதிய சோப்புத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. கல்லில் அடித்தாலும் பலகையில் தேய்த்தாலும் நடப்பது இதுதான். இயந்திரமும் இதையே செய்ய வேண்டும், அதுவும் மனிதக் கை தரக்கூடிய சக்தியைக் கொண்டு. கிராங்க் எனப்படும் கைப்பிடியைச் சுற்றும் ஒருவரால் தொடர்ந்து ஐம்பது, எழுபது வாட் அளவுதான் தர முடியும்.

1782-இல் இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் என்பவர் வாங்கிய காப்புரிமை, இன்றைய முன்பக்கக் கதவு மெஷினின் முன்னோடி. மரக்கழிகளால் செய்த ஒரு கூண்டு, அதைத் தாங்கும் தொட்டி, சுற்ற ஒரு கைப்பிடி. கூண்டு சுழலும்போது துணி மேலே தூக்கப்பட்டு, தன் எடையாலேயே கீழே தண்ணீரில் விழுந்து நசுங்கும். அடிக்கும் வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது.

இதில் வேகம்தான் எல்லாம். கூண்டின் விட்டம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்றைத் தொட்டால் மையவிலக்கு விசை துணியின் எடைக்குச் சமமாகிவிடும். துணி கூண்டின் சுவரோடு ஒட்டிக்கொண்டு விழவே விழாது. 40, 45 சுற்றில் அழகாக விழும். கிராங்கைச் சிரமமில்லாமல் சுற்றும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால், பற்சக்கரமே இல்லாமல் நேரடியாகக் கைப்பிடி பூட்டினாலும் இந்த வகை வேலை செய்யும். அவசரக்காரர் வேகமாகச் சுற்றினால்தான் துணி வெளுக்காது!

ஆனால் துணி ஒரே பக்கம் உருண்டையாகச் சேர்ந்துவிட்டால் வம்பு. 3 கிலோ துணி நனைந்தால் 9 கிலோவைத் தொடும். மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி அந்த மூட்டை தண்ணீருக்கு வெளியே எழும்போது, 30 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியில் ஏழரை கிலோ பாரம் வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை தூக்க வேண்டும், அடுத்த பாதியில் அதுவே கையை இழுத்துக்கொண்டு கீழே போகும். 1851-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிங்கும், 1858-இல் பிட்ஸ்பர்க் நகரத்து ஹாமில்டன் ஸ்மித்தும் சுழலும் உருளை மெஷின்களுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஸ்மித்தின் பிந்தைய வடிவம் திசை மாற்றிச் சுழலக்கூடியது.

வீடுகளில் அதிகம் புழங்கியது வேறொரு குடும்பம். நிற்கும் தொட்டி, மேலே மூடி, மூடியின் நடுவிலிருந்து கீழே தொங்கும் ஒரு தண்டு, அதன் அடியில் நான்கைந்து மரக்கால்கள் கொண்ட ஒரு வட்டப் பலகை. ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் நகரில் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான யாக்கோப் கிறிஸ்டியன் ஷேஃபர் 1760-களிலேயே தொட்டிக்குள் துணியைக் கலக்கும் மெஷின் ஒன்றைப் பற்றி நூல் வெளியிட்டிருந்தார். 1874-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வில்லியம் பிளாக்ஸ்டோன் தன் மனைவிக்காகச் செய்த மெஷினும் இந்த மரக்கால் வகைதான். ஜெர்மனியின் மீலே நிறுவனம் 1901-இல் முதல் வாஷிங் மெஷினை வெளியிட்டபோது, தான் செய்துவந்த வெண்ணெய் கடையும் மரத்தொட்டியைத்தான் மாற்றியமைத்தது. மத்து கடைவதும் துணி கலக்குவதும் அசைவில் ஒன்றே. கடைகயிறு மத்தை இப்படியும் அப்படியும் திருப்புகிறதே, அதே திருப்பம்தான் இங்கும் தேவை.

அந்தத் திருப்பத்தைக் கைப்பிடியிலிருந்து வரவழைப்பதில்தான் மூளை செலவானது. எளிமையான வழி: மூடியின் மேல் படுக்கையாக ஒரு பல் வெட்டிய இரும்புச் சட்டம், அதோடு கோர்த்த ஒரு சின்னப் பற்சக்கரம், சக்கரத்தின் நடுவில் தண்டு. சட்டத்தை முன்னும் பின்னும் தள்ளினால் தண்டு அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று மாறி மாறித் திரும்பும். பற்சக்கரத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு 25 சென்டிமீட்டர். சட்டம் 18 சென்டிமீட்டர் நகர்ந்தால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. போனால் சட்டைக் கைகளும் போர்வை நுனிகளும் மரக்கால்களில் முறுக்கிக்கொண்டு கயிறாகிவிடும். பிரித்தெடுப்பதற்குள் தண்ணீர் ஆறிப்போகும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணம் எல்லாம் நின்று, எதிர்த்திசையில் கிளம்ப வேண்டும். துணியும் தண்ணீரும் இன்னும் பழைய திசையில் போய்க்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில்தான் உண்மையான துவைப்பு நடக்கிறது. கைக்குக் கனமாகத் தெரிவதும் அப்போதுதான். இதைச் சமாளிக்கச் சிலர் ஒரு ஃப்ளைவீலை, அதாவது சுழலும்போது ஆற்றலைச் சேர்த்துவைக்கும் கனமான சக்கரத்தை, சேர்த்தார்கள். சக்கரத்தில் சேரும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், பெரிய சக்கரத்தை மெதுவாகச் சுற்றுவதைவிடச் சின்னச் சக்கரத்தை வேகமாகச் சுற்றுவது லாபம். இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு ஆற்றல்.

இன்னொரு நுணுக்கம், தண்டின் வடிவம். பல மெஷின்களில் அது சதுரத் தண்டு. பற்சக்கரத்தின் நடுவிலுள்ள சதுரத் துளை வழியாக மேலும் கீழும் வழுக்கும். துணி அதிகமானால் மரக்கால் பலகை தானே உயரும், குறைந்தால் இறங்கும். 3 கிலோ உலர்ந்த துணிக்கு 45 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதற்கு மேல் துணியைத் திணித்தால் மொத்தமும் ஒரே கட்டியாகத் திரும்பும், உள்ளே இருக்கும் துணி நனைந்ததோடு சரி. மிகக் குறைவாகப் போட்டால் மரக்கால்கள் வெறும் தண்ணீரைத்தான் கலக்கும்.

தொட்டிச் சுவரும் சும்மா நிற்கவில்லை. அயோவா மாநிலத்தின் நியூட்டன் நகரில் மேடேக் நிறுவனம் 1907-இல் வெளியிட்ட கைவிசை மெஷினில் உட்புறச் சுவர் வரிவரியாக இருந்தது. தண்ணீர் சுவரோடு வழுக்கிச் சுழலாமல் அந்த வரிகள் தடுத்தன, கூடவே தேய்ப்புப் பலகையின் வேலையையும் செய்தன.

தொட்டிக்குச் சைப்ரஸ் போன்ற, தண்ணீரில் எளிதில் மக்காத மரம். பலகைகளைப் பீப்பாய் போல் வட்டமாக அடுக்கி இரும்புப் பட்டை போட்டு இறுக்குவார்கள். பசையோ அடைப்போ கிடையாது. மரம் ஊறிப் பருத்து இடுக்கை மூடிக்கொள்ளும். அதனால்தான் துவைத்து முடித்ததும் தொட்டியைக் காயவிடக் கூடாது. ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கும், பட்டை தளரும், அடுத்த முறை ஊற்றும் தண்ணீர் தரையில்தான். இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு வைப்பது வழக்கமான தீர்வு. ஓக் மரத்தில் இன்னொரு தொல்லை. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பு ஆணியின் துருவும் சேர்ந்தால் மை போன்ற கறுப்புக் கறை வரும், வெள்ளைத் துணியில் அது லேசில் போகாது. மூடிமேல் இருக்கும் பற்சக்கரத்துக்குப் போட்ட எண்ணெய் தண்டு வழியே இறங்கித் துணியில் சொட்டுவதும் உண்டு.

நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரத்திலிருந்து வந்த ‘1900’ என்ற பெயர் கொண்ட மெஷின் தலைகீழாக யோசித்தது. உள்ளே எதையும் சுழற்றாமல் தொட்டியையே இப்படியும் அப்படியும் ஆட்டுவது. துணி தன் நிலைமத்தால் பின்தங்க, தண்ணீர் அதன் ஊடே பாயும். மரக்கால் இல்லாததால் கிழிசல் குறைவு. அழுக்கேறிய காலரை இவ்வளவு மென்மையான அசைவு எப்படிச் சமாளிக்கும் என்பது நியாயமான சந்தேகம். ஆனாலும் அந்த நிறுவனம் நீடித்தது. 1929-இல் அப்டன் நிறுவனத்தோடு இணைந்து, பின்னாளில் வேர்ல்பூல் ஆனது.

சோப்பு பற்றி ஒரு கணக்கு போதும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் 50 லிட்டர் எடுத்தால், அதில் 10 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான உப்பு இருக்கும். நுரை கட்டுவதற்கு முன்பே அது சுமார் 60 கிராம் சோப்பைத் திரியவைத்து வீணடித்துவிடும், அந்தத் திரிந்த சோப்பு துணியில் சாம்பல் நிறத்தில் படியும். முதலிலேயே 30 கிராம் சலவை சோடாப் படிகத்தைக் கரைத்துவிட்டால் கால்சியம் அதோடு போய்விடும்.

என்னைக் கேட்டால், வீட்டுப் பெண்களின் முதுகைக் காப்பாற்றியது தொட்டியைவிட அதன் விளிம்பில் பூட்டிய பிழி உருளைதான், அதாவது துணியை நடுவே விட்டு நசுக்கிப் பிழியும் இரட்டை உருளைகள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீட்டில் ஒரு முறை துவைத்து, ஒரு முறை கொதிக்கவைத்து, ஒரு முறை அலச 50 காலன், அதாவது ஏறத்தாழ 190 லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது. பிழி உருளை அந்தச் சுமையில் கைவைத்தது. எப்படி என்றால், 3 கிலோ துணி சொட்டச் சொட்ட 6 லிட்டர் அழுக்கு நீரைத் தூக்கிக்கொண்டு 40 லிட்டர் அலசும் நீருக்குள் போனால், இரண்டு அலசலுக்குப் பிறகும் துணியில் தங்கியிருந்த அழுக்குக் கரைசலில் 1.7 சதவீதம் மிஞ்சும். உருளையில் பிழிந்து 3 லிட்டராகக் குறைத்துவிட்டு அலசினால் மிஞ்சுவது அரைச் சதவீதம்தான். பிழியாமல் அந்த அளவை எட்ட மூன்றாவது முறை 40 லிட்டர் சுமக்க வேண்டும்.

உருளையின் அமைப்பு எளிது. இரும்புத் தண்டின் மேல் வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய ரப்பர், நீளம் பெரும்பாலும் 10 முதல் 12 அங்குலம். மேலே ஒரு வில்பட்டை, இரண்டு திருகுகள். கைப்பிடி ஒரு உருளையில் மட்டும் இருக்கும். மற்றது துணியின் உராய்வால் தானே சுழலும் என்று விட்டால், தடித்த போர்வை வரும்போது மேல் உருளை நின்றுபோய்த் துணி இழுபட்டுக் கிழியும். அதனால் நல்ல உருளைகளில் இரண்டையும் பற்சக்கரத்தால் இணைத்தார்கள். உருளைகள் விலகினாலும் பிடி விடாதபடி நீளமான பற்கள். ரப்பர் தண்டிலிருந்து பிடி விட்டு வழுக்குவதுதான் பெரிய கோளாறு: தண்டு சுற்றும், ரப்பர் நிற்கும். வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்தாமல் விட்டால் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் ‘டொக் டொக்’ என்று குதிக்கும். பொத்தான்களை உட்பக்கம் மடித்து, ஓரத்திலிருந்து தட்டையாகச் செலுத்த வேண்டும். இல்லையென்றால் பொத்தான் நொறுங்கும், அல்லது ரப்பரில் குழி விழும்.

பிறகு மோட்டார் வந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் 1930-களின் நடுப்பகுதி வரை பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் எட்டியிருந்தது. அதனால் கைவிசை மெஷின்களும் பெட்ரோல் என்ஜின் பூட்டிய மெஷின்களும் நெடுநாள் ஓடின. கையால் சுற்றும்போது போர்வை சிக்கினால் கைக்கு உடனே தெரியும், சுற்றுவது நிற்கும். வார்ப்பிரும்புப் பல் தப்பிக்கும். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. பல் உடைந்தது மட்டுமில்லை, பிழி உருளைக்குள் விரலும் கையும் போயின. தட்டினால் மேல் உருளை உடனே விடுபடும் பாதுகாப்பு நெம்புகோல் உருளைச் சட்டத்தில் சேர்ந்தது அதனால்தான்.