யோக்காய்: பேய் அல்ல, பூதம்

ஜப்பானிய வாள்சண்டை கேமான 'நியோ'வைத் தமிழில் விளக்கும் காணொளிகளில் கொம்பு வைத்த ராட்சசன் வந்தாலும் பேய், ஒற்றைக்கால் குடை குதித்து வந்தாலும் பேய், தலையில் கிண்ணம் கவிழ்த்த பச்சை நிறக் குட்டி வந்தாலும் பேய். ஜப்பானியர் 'யோக்காய்' என்று சொல்வது இதுதானாம். தப்பான பெயர்ப்பு. ஆடுகிறவரையும் குழப்பிவிடுகிறது.

சொல்லின் பிறப்பு சிக்கலில்லாதது. சீன எழுத்து இரண்டு: 'யோ' மயக்குவது, 'காய்' விந்தையானது. (எழுதும்போது ககர ஒற்று வேண்டும். 'யோகாய்' என்று எழுதினால் யோகாசனத்து ஒலி வந்துவிடும்.) 1776-இல் தொரியாமா செக்கியென் வெளியிட்ட யோக்காய்ப் படத்தொகுதியில் முதலில் நிற்பது கொதாமா, அதாவது மரத்தில் குடியிருக்கும் ஒன்று. பயமுறுத்தும் உருவம்கூட இல்லை.

இனி பேய்க்கு வருவோம். போர்க்களத்தில் பிணம் தின்னும் பேய்மகளிர் முதல் இன்றைய புளியமரத்துப் பேய் வரை, சாவின் வாடை இல்லாமல் தமிழில் அந்தச் சொல் இல்லை. இன்று பேய் என்றால் செத்தவர் திரும்பி வருவது, அவ்வளவுதான். ஜப்பானிய மொழியில் அதற்குத் தனிச்சொல் உண்டு: யூரெய். நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ இரண்டையும் பிரித்துக் காட்டினார். யூரெய் குறிப்பிட்ட ஆளைத் தேடி நள்ளிரவில் வரும். யோக்காய் ஓர் இடத்தைப் பற்றிக்கொண்டு அந்தி மயங்கும் நேரத்தில் தோன்றும், எதிர்ப்பட்டவர் யாரானாலும் அதற்கு ஒன்றுதான். விதிவிலக்குகள் ஏராளம், ஆனால் அடிப்படை வேறுபாடு இதுவே. பழைய குடைக்கும் செருப்புக்கும் உயிர் வந்தால் அதுவும் யோக்காய். குடை எப்போது செத்தது, பேயாக வருவதற்கு?

கேமுக்குள்ளேயே இந்தக் குழப்பத்தின் விலை தெரியும். தரையில் சிவப்பாக மின்னும் கல்லறையைத் தொட்டால், இறந்துபோன இன்னொரு ஆட்டக்காரரின் உருவம் அவருடைய கவசம், ஆயுதத்தோடு எழுந்து வரும். நியாயமாகப் பேய் என்று சொல்லத்தக்கது இதுதான். ஆனால் சண்டை விதிப்படி அது மனிதன். அதன் 'கி', அதாவது சண்டையிடும் தெம்பு, தீர்ந்தால் மூச்சிரைத்து நிற்கும், நெருங்கி முக்கோணப் பொத்தானை அழுத்தினால் பெருவெட்டு விழும். யோக்காயோ தரையில் கரிய வட்டத்தைப் பரப்பும். அதற்குள் நின்றால் உங்கள் கி ஊறுவது மந்தமாகும். வெட்டி முடித்ததும் நீல ஒளி உடலில் குவியும் கணத்தில் ஆர்1 பொத்தானை அழுத்தினால் கி மீளும், வட்டமும் கலையும். முந்தி அழுத்தினால் கொஞ்சம்தான் மீளும், பிந்தினால் ஒன்றுமில்லை. இரண்டையும் 'பேய்' என்று சொல்லிக்கொடுத்தால், புதியவர் எந்தப் பாடத்தை எதற்குப் பயன்படுத்துவார்? தலையில் கிண்ணம் கவிழ்த்த அந்தப் பச்சைக் குட்டியான கொதாமாவையும் பேய் என்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துக் கோயிலுக்கு அனுப்பினால் பொருள் கிடைக்கும் வாய்ப்பு கூடும். பேய் என்று கேட்டவர் வாளை உருவத்தான் செய்வார்.

'அரக்கர்' என்பாரும் உண்டு. அரக்கர் ஒரு குலம். ஜப்பானிய பௌத்தம் அந்தச் சொல்லை 'ராசெட்சு' என்றும், இயக்கரை 'யாஷா' என்றும் முன்பே எடுத்துக்கொண்டது. 'அமானுட உயிரி' என்பது பாடப்புத்தகத்துக்குக்கூட ஆகாது, பாஸ் சண்டையின் நடுவில் யாரால் அதைச் சொல்ல முடியும்?

தனித்தமிழ் அன்பர்கள் 'அணங்கு' என்கிறார்கள். பொருளளவில் இதைவிடப் பொருத்தம் கிடையாது: மயக்கமும் அச்சமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அச்சம் பிறக்கும் நான்கில் அணங்கையே தொல்காப்பியம் முதலில் வைக்கிறது. ஆனால் இன்றைய வாசகருக்கு அணங்கு என்றால் அழகிய பெண். ஒற்றைக்கண்ணும் சம்மட்டியுமாகத் தாவி வரும் இப்பொன்-தத்தாராவை அணங்கு என்றால் யாருக்கும் புரியாது. தூய்மைக்காகத் தெளிவைப் பலி கொடுக்க நான் உடன்படமாட்டேன்.

பூதம்தான் சரி. வடசொல் என்பது உண்மையே. ஆனால் புகாரின் நாற்சந்தியில் பாசக்கயிற்றோடு நின்று பொய்த்தவத்தாரையும் பிறன்மனை நயப்போரையும் பிடித்த சதுக்கப்பூதம் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. இறந்தவர் ஆவியல்ல, இடத்தோடு கட்டுண்டது, தண்டிக்கவும் காக்கவும் வல்லது. யோக்காயின் இலக்கணம் முழுவதும் அதில் உண்டு. அலாவுதீன் விளக்கிலிருந்து வந்ததைக் குழந்தைகூடப் பேய் என்று சொல்லாது, பூதம் என்றுதான் சொல்லும். ஐம்பூதத்தோடு குழம்பும் என்பது வெற்று அச்சம், இடம் பார்த்துப் பொருள் கொள்ள எல்லோருக்கும் தெரியும்.

சிக்கலின் வேர் மொழிபெயர்ப்பவர்களிடம் இருக்கிறது. ஆங்கில வரியில் 'டீமன்' என்று பார்த்ததும் பேய் என்று எழுதிவிடுகிறார்கள். ஜப்பானிய மூலத்தில் என்ன சொல் நின்றது என்று ஒரு நிமிடம் தேடுவதில்லை. ஓனி, கப்பா, தெங்கு போன்ற இனப்பெயர்களை அப்படியே விடலாம், பொதுப்பெயர் மட்டும் பூதம். யூரெய்க்கு ஆவி போதும். பேய் என்ற சொல்லும் வீணாகாது: 'நியோ 2'-இல் தீராப் பசியோடு அலையும் 'கக்கி' பௌத்தத்தின் பிரேதமேதான் (பிணம் அல்ல, பசியில் வாடும் இறந்தவர்), அதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கலாம்.