முதன்மை ஆதாரம் அல்ல, முதற்சான்று

'வரலாற்று ஆய்வுக்கான மின்மயமாக்கப்பட்ட முதன்மை ஆதாரங்கள்.' ஆய்வுக் கையேடுகளிலும் பாடத்திட்டங்களிலும் இந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இதில் இரண்டு சொற்கள் பிழை. ஒன்று சிறியது. மற்றது மாணவரைத் தவறான நூலிடம் கொண்டுபோய் விடுகிறது.

சிறியதை முதலில் முடித்துவிடலாம். மின்மயமாக்கல் ரயில் பாதைக்குச் செய்வது. ஆவணத்தைப் படம்பிடித்துக் கணினிக் கோப்பாக்குவது மின்னாக்கம். இலங்கைத் தமிழர் எண்ணிமமாக்கம் என்பார்கள். இரண்டில் எதை எழுதினாலும் சரி.

இனி 'முதன்மை'. 'பிரைமரி சோர்ஸ்' என்ற ஆங்கிலக் கலைச்சொல்லைத்தான் 'முதன்மை ஆதாரம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். பிரைமரி என்ற சொல், 'முதல்' எனப் பொருள்படும் லத்தீன் பிரீமுஸிலிருந்து வந்தது. சோர்ஸ் என்றால் ஊற்று. நிகழ்வு நடந்த காலத்தில், அதில் பங்குகொண்டவரோ பக்கத்தில் இருந்தவரோ விட்டுச்சென்ற கடிதம், நாட்குறிப்பு, கல்வெட்டு, கணக்கேடு, அன்றைய செய்தித்தாள் ஆகியவற்றையே இந்தக் கலைச்சொல் குறிக்கிறது.

தமிழில் முதன்மை என்ற சொல் பதவியைச் சொல்கிறது. முதன்மைச் செயலாளர், முதன்மைக் கல்வி அலுவலர் என்றால் மற்றவர்க்கு மேலானவர். 'முதல் என்பதிலிருந்துதானே முதன்மை வந்தது' என்று வாதிடுவோர் உண்டு. வந்தது உண்மைதான், ஆனால் வேர் எதுவானாலும், சொல்லைக் கேட்டவர் மனத்தில் எழுவதே பொருள். பிரைமரி ஸ்கூலை முதன்மைப் பள்ளி என்று எவரும் எழுதவில்லை, தொடக்கப்பள்ளி என்றோம். அங்கே விழித்திருந்த மொழியுணர்வு வரலாற்றுத் துறையில் ஏன் உறங்கியது? அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டியதால்தான்.

விளைவை ஆய்வேடுகளின் நூற்பட்டியலில் காணலாம். பேராசிரியர் ஒருவரின் பெருநூல் 'முதன்மை ஆதாரங்கள்' தலைப்பில் இருக்கும். அந்நூலே அடிக்குறிப்பில் காட்டும் கல்வெட்டு 'இரண்டாம் நிலை'யில் கிடக்கும். மாணவரைக் குறைசொல்ல முடியாது. முதன்மை என்றார்கள், பெரியதை வைத்தார்.

நல்ல சொல் நம்மிடம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 'முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்' என்கிறது நன்னூல். முதல்நூல், அதைப் பின்பற்றும் வழிநூல், இரண்டையும் ஓரளவு சார்ந்து வேறுபடும் சார்புநூல். இதன்படி பிரைமரி சோர்ஸை முதற்சான்று என்றும், அதை வைத்துப் பின்னால் எழுதிய செகண்டரி சோர்ஸை வழிச்சான்று என்றும் சொல்லிவிடலாம். இலக்கணத்தார் முதல்நூலுக்குத் தெய்வத்தன்மை ஏற்றினார்கள். அதை நாம் எடுக்க வேண்டியதில்லை. முதற்சான்றும் பொய் சொல்லும். எதிலிருந்து எது வந்தது என்ற உறவு மட்டும் நமக்குப் போதும்.

'மூலச்சான்று' என்பாரும் உண்டு. முதன்மையைவிட எவ்வளவோ மேல். ஆனால் மூலம் என்றதும் கையெழுத்துப் படியே நினைவுக்கு வரும். திரையில் தெரியும் படம் மூலம் அல்ல, படி. அதனால் அது சான்றாகாது என்று ஒருவர் மயங்க இடமுண்டு. படியாக இருப்பதால் ஒரு கடிதம் முதற்சான்று என்ற நிலையை இழப்பதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்வோம். 1736இல் தொடங்கிய தமிழ் நாட்குறிப்பு. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. அதில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே பிள்ளையின் பதிவு, கீழே பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பு. மேலே உள்ளது முதற்சான்று, அதுவும் மொழிபெயர்ப்பில். சொல் நுட்பம் வேண்டுமென்றால் தமிழுக்கே போகவேண்டும். கீழே உள்ளது வழிச்சான்று. ஆனால் 'இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அதிகாரிகள் பிள்ளையை எப்படிப் படித்தார்கள்' என்பது உங்கள் கேள்வியானால், அதே அடிக்குறிப்பு முதற்சான்றாகிவிடும். கேள்வி மாறினால் சான்றின் இடமும் மாறும். முதன்மை என்ற பட்டம் இப்படி இடம் மாறாது. முதலும் வழியும் மாறும்.

மின்னாக்கத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஸ்கேன் செய்த படத்துக்குப் பின்னால், எழுத்துணரி மென்பொருள் படித்துவைத்த எழுத்துரை ஒன்று இருக்கும். தேடுபெட்டி தேடுவது அந்த எழுத்துரையில்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் வடிவமே வேறு. புதிய எழுத்தில் பழகிய மென்பொருள் அவற்றைத் தாறுமாறாகப் படிக்கும். 'சென்னை' என்று தேடி ஒன்றும் வராவிட்டால் இல்லையென்று முடிவுகட்டக் கூடாது. அந்த எழுத்துகள் வராத சொல்லாக, 'பட்டணம்' போல அக்காலத்தில் வழங்கியதாகப் பார்த்துத் தேட வேண்டும். அதுவும் வராவிட்டால் ஆண்டைக் கணித்து, அந்த இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

எழுத்துரை, இயந்திரம் படித்த வழிச்சான்று. மேற்கோளைப் படத்தைப் பார்த்து எழுதுங்கள். பக்க எண்ணையும் தாளில் அச்சானபடி கொடுங்கள். திரை காட்டும் எண் அட்டையையும் முன்பக்கங்களையும் சேர்த்து எண்ணுவதால் பெரும்பாலும் தள்ளியே இருக்கும்.