பூண்டு விளையும் மண்ணுக்குக் காவல் எது?

மலையில் கட்டடம் கட்ட எந்த இடம் வசதி? சரிவு குறைவாக இருக்க வேண்டும், ஓடைத் தண்ணீர் பக்கத்தில் வேண்டும், வண்டி போகப் பாதை வேண்டும். பூண்டும் கேரட்டும் போட ஏற்ற இடமும் அதுவேதான். கொடைக்கானலைச் சுற்றி வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறைப் பக்கமெல்லாம் காட்டேஜ்காரர்களின் கண் விளைநிலத்தின் மேல் விழுவதற்கு இதுதான் முதல் காரணம். பேராசை எல்லாம் அப்புறம்.

நிலப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் தொழில். "மலையில்தான் இவ்வளவு கெடுபிடி இருக்கிறதே சார், விவசாய நிலத்தை அவ்வளவு லேசில் மாற்றிவிட முடியுமா?" என்று பலர் கேட்கிறார்கள். கெடுபிடி இருப்பது உண்மை. மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அதாவது ஹாகா, 1990-ல் அமைக்கப்பட்டது. கொடைக்கானலுக்கான மாஸ்டர் பிளான் 1993-ல் வந்தது. ஹாகா கோப்பு வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று சுற்றிவரும். ஆனால் இவர்கள் பார்ப்பது காட்டின் எல்லை, சரிவு, மண் அரிப்பு. மண் சரியுமா என்று பார்க்கிறார்கள். அதில் என்ன விளைகிறது என்பதை வைத்து அனுமதி நிற்பதில்லை.

மாஸ்டர் பிளான் போன்ற திட்டப் பகுதிக்குள் வராத ஊர்களில் நில உபயோகத்தை மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவு இருக்கிறது. நன்செய் என்றால் கலெக்டர் வரை போக வேண்டும். நெல்லை மனத்தில் வைத்து எழுதிய ஏற்பாடு அது. என் மேசைக்கு வரும் மலைப் பட்டாக்களோ பெரும்பாலும் புன்செய். வருஷத்தில் இரண்டு முறை பூண்டு எடுக்கும் படிக்கட்டு நிலமும், கல் காடாகக் கிடக்கும் மேடும் கணக்கில் ஒரே வகைதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, நிலத்துக்கு இன்னும் வரவில்லை.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்ததும் பெரிய மாற்றம்தான். அதன் பிறகு புரோக்கர்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். வாட்ஸ்அப் விளம்பரத்தில் 'வேலி வியூ பிளாட்', அதாவது பள்ளத்தாக்கு தெரியும் மனை. கிரயப் பத்திரத்தில் 'விவசாய நிலம்'. பத்து சென்ட், பன்னிரண்டு சென்ட் என்று வெட்டி, பொதுப் பாதைக்குத் தனி ஷரத்துப் போட்டிருப்பார்கள். அல்லது ஏக்கர் கணக்கிலான நிலத்தில் பலருக்குப் பிரிபடாத பாகமாக எழுதித் தருவார்கள். படித்தாலே தெரியும், இதில் யாரும் உருளைக்கிழங்கு நடப்போவதில்லை. வாங்கியவர் பிறகு கட்டட அனுமதிக்கு அலைவார். அதற்குள் மேல் வரப்புக்காரர் ஓடை வாய்க்காலை மறித்துவிட்டார் என்று கீழ் வரப்புக்காரர் என்னிடம் வந்திருப்பார். நாலு பக்கமும் வேலி போட்டதால் காட்டுமாடு தன் தோட்டத்துக்குள் திரும்பிவிட்டது என்று இன்னொருவர் வருவார். ஒரு துண்டு போனால் பக்கத்துத் துண்டிலும் விவசாயம் செய்வது கஷ்டமாகிவிடுகிறது. தனித்தனி அனுமதிகளால் இதைத் தடுக்க முடியாது; பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்த்துப் பிடிக்கும் சட்டம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. டெல்டாவுக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஆனால் அது குறிவைத்தது ஹைட்ரோகார்பன் போன்ற தொழில்களை. மனை வியாபாரத்தை அது தொடவில்லை. கேரளத்தின் 2008 சட்டம் நெல்வயலைச் சர்வே எண் வாரியாகப் பட்டியலிட்டு, மாற்றுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதிலும் நம் மலையின் எல்லை ஊரான கிளாவரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வட்டவடையின் காய்கறித் தோட்டங்கள் சேராது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் ஒரு மலை நாடுதான். விவசாயத்துக்கு உதவும் மண் அங்கே கொஞ்சம். 1973-ல் மாகாணப் பரப்பில் சுமார் 5 சதவீதத்தை வேளாண் ஒதுக்கு நிலமாக அறிவித்தார்கள். உரிமை விவசாயியிடமே இருக்கிறது. வேறு உபயோகத்துக்கு மாற்ற வேண்டுமானால் ஆணையத்திடம் போக வேண்டும். அதே காலத்தில் விவசாயிகளுக்கு வருமானக் காப்பீடும் கொண்டுவந்தார்கள். நம் ஆட்கள் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

"மகள் கல்யாணத்துக்கு இருபது சென்ட் விற்றால் உங்களுக்கு என்னங்க வந்தது?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விலை விழுந்த வருஷம் அவர் கடனை அடைத்தது நிலத்தால்தான். விற்காதே என்று மட்டும் சொல்லும் சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். விவசாயிக்குக் கடனும், விவசாய விலையிலாவது நிலத்தை வாங்கும் ஆளும் கிடைக்க வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும். இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கான அடங்கலை, உங்கள் நிலத்துக்கு வாங்கிப் பாருங்கள். பூண்டு நிற்கும் நிலத்துக்கு எதிரே 'தரிசு' என்று எழுதியிருந்தால், நாளைக்கு உபயோக மாற்றம் கேட்பவருக்கு அதுவே சாட்சி. மாஸ்டர் பிளான் வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. அப்போதும் சர்வே எண்ணும் பயிர்ப் பதிவும்தான் பேசும். பயிர் நிற்கும்போதே வி.ஏ.ஓ.விடம் சொல்லிப் பதிய வையுங்கள், எழுத்துப்பூர்வமாகக் கேட்டு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கவில்லை என்றால் வருவாய்த் துறை வருஷந்தோறும் கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் மனு கொடுங்கள்.