ஒத்த உறுப்புகள்: சொல் விளக்கம்

ஆங்கிலக் கணித நூல்களில் ‘லைக் டெர்ம்ஸ்’ எனப்படுவதைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘ஒத்த உறுப்புகள்’ என்கின்றன. எழுத்துகளும் அவற்றின் அடுக்குகளும் முற்றிலும் ஒன்றாக இருந்து, கெழு, அதாவது எழுத்தைப் பெருக்கி நிற்கும் எண், மட்டும் வேறுபடக்கூடிய உறுப்புகளுக்கு இப்பெயர் பொருந்தும். 3ப, −7ப ஆகியன ஒத்தவை. பெருக்கலில் வரிசை மாறினாலும் மதிப்பு மாறாதாகையால் 2பம, 9மப ஆகியனவும் ஒத்தவையே. 3ப, 3ப² ஆகியன அவ்வாறல்ல.

‘டெர்ம்’ என்பதன் மூலம் எல்லை என்று பொருள்படும் ‘டெர்மினுஸ்’ என்னும் இலத்தீன் சொல். தமிழில் வழங்கும் ‘உறுப்பு’ எல்லையைக் குறிக்காமல் முழுமையின் பகுதியைக் குறிக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் மாத்திரை, எழுத்து, அசை எனத் தொடங்கிச் செய்யுளின் உறுப்புகளாக 34 ஐ எண்ணுவதும் இப்பொருளில்தான். உறுப்புகளைக் கூட்டல், கழித்தல் குறிகளால் கோத்தது ‘கோவை’ ஆகிறது. இவ்விரு சொற்களும் மூலச் சொற்களைவிடப் பொருள் விளங்குபவை என்பது என் கருத்து.

‘ஒத்த’ என்பதில்தான் சற்றுக் கவனம் வேண்டும். தோற்றத்தில் ஒத்திருத்தல் என்று கொண்டால் ப, ப² இரண்டையும் சேர்த்துவிடத் தோன்றும். ‘ஒரே இனத்தைச் சேர்ந்த’ என்று கொள்வதே முறை. 1150 இல் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய பீஜகணிதம் இதைச் ‘சமானஜாதி’ என்றே சொல்கிறது: ஒரே இனத்தவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம், வேறினத்தவை தனித்தே நிற்கும். அறியாக் கணியங்களில் முதலாவதை யாவத்தாவத் என்றும், அடுத்தவற்றைக் காளகம், நீலகம், பீதகம் என நிறப்பெயர்களாலும் அவர் குறித்தார். கருமையும் நீலமும் ஒன்றாகா என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

அதற்கு ஏறத்தாழ 3 நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாக்தாதில் கணித அறிஞர் அல்குவாரிஸ்மி ‘முகாபலா’ என்று அழைத்த செயலும் இதன்பாற்பட்டது. 50 + ப² = 29 + 10ப என நாம் எழுதக்கூடிய கணக்கை அவர் குறியீடின்றிச் சொற்களிலேயே சொல்லி, இருபுறமும் உள்ள எண்களை மட்டும் ஒன்றுக்கொன்று ஈடாகக் கழித்து 21 + ப² = 10ப என்று ஆக்குகிறார்; ப², 10ப ஆகியவற்றைச் சேர்ப்பதில்லை.

கோவையில் அடைப்புக்குறி இருந்தால், ஒத்த உறுப்புகள் வெளிப்பட முதலில் பங்கீட்டுப் பண்பின்படி, அதாவது வெளியே உள்ள எண்ணால் உள்ளே உள்ள ஒவ்வோர் உறுப்பையும் பெருக்கி, அதை நீக்க வேண்டும். 5(2ப − 3) − (4ப − 7) என்பதில் முதல் அடைப்பு 10ப − 15 ஆகும். இரண்டாவதன் முன்னுள்ள கழித்தல் குறி −1 ஆல் பெருக்குவதற்குச் சமமாதலால், அது உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பின் குறியையும் மாற்றி −4ப + 7 ஐத் தருகிறது. முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றி −4ப − 7 என எழுதுவதே வகுப்பறைகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை. பின்னர் 10ப, −4ப சேர்ந்து 6ப ஆகவும், −15, 7 சேர்ந்து −8 ஆகவும் அமைய, விடை 6ப − 8. இவ்விரண்டும் வேறினமாதலால் கோவை இதற்குமேல் சுருங்காது.