நாள் தள்ளிப்போவதெல்லாம் தைராய்டு இல்லை

வந்தவருக்கு 31 வயது, பேசியதெல்லாம் கூட வந்த அம்மாதான். "தலைக்குக் குளிச்சு ஏழு மாசமாச்சு டாக்டர். தைராய்டா இருக்கும்னாங்க, அதுவும் சரியா இருக்கு. மாத்திரை போட்டா வருது, விட்டா நின்னுடுது." ராத்திரியில் திடீரென உடம்பு சூடேறி வியர்த்துக் கொட்டுவதை மகள் நான் கேட்ட பிறகுதான் சொன்னார். ஃபேன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

40 வயதுக்குள் நான்கு மாதமாவது மாதவிடாய் வராமலோ தாறுமாறாகவோ இருந்தால் ரத்தத்தில் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்க வேண்டும், அதுவும் ஹார்மோன் மாத்திரை எதுவும் போடாத நேரத்தில். சினைப்பை சோர்ந்துபோனால் அதை வேலை வாங்க பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனைக் கொட்டும். 25-ஐத் தாண்டினாலே சந்தேகம், இவருக்கு 60-க்கு மேல். 40 வயதுக்குள்ளேயே சினைப்பை இப்படிச் சோர்ந்துபோவதை 'ப்ரீமெச்சூர் ஓவேரியன் இன்சஃபிஷியன்சி' என்கிறோம்.

டர்னர், ஃப்ராஜைல் எக்ஸ் போன்ற மரபணுக் கோளாறு, உடம்பின் எதிர்ப்புசக்தி உடம்பையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய், புற்றுநோய்க்கான கீமோ என்று இதற்குக் காரணங்கள் உண்டு, ஆனால் பலருக்குக் காரணமே பிடிபடாது. லேட்டாகக் கல்யாணம் செய்ததாலும் வராது, பிராய்லர் கோழி தின்றதாலும் வராது.

எல்லாரும் முதலில் கேட்பது குழந்தையைப் பற்றித்தான். சினைப்பை அவ்வப்போது விழித்துக்கொள்ளும் என்பதால் நூற்றில் 5 முதல் 10 பேருக்குத் தானாகவே கரு தங்குகிறது. மற்றவர்களுக்குத் தானமாகப் பெறும் கருமுட்டை ஒரு வழி. சரி, ஆனால் குழந்தையே வேண்டாம் என்பவருக்கும் சிகிச்சை வேண்டும் என்பது யாருக்கும் உறைப்பதில்லை, ஏனென்றால் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இல்லாமல் இருபது வருடம் ஓட்டினால் எலும்பு கரையும், இதயமும் அடிவாங்கும்.

ஹார்மோன் மாத்திரை எழுதியதும், "கேன்சர் வருமாமே?" என்றார் அம்மா. அந்தப் பயத்தைக் கிளப்பிய 2002-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. இங்கே நாம் கொடுப்பது 31 வயதில் உடம்பு தானே சுரந்திருக்க வேண்டியதை, அதையும் 50 வயதுவாக்கில் நிறுத்திவிடலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அப்புறம் ஒன்று, இது கருத்தடை மாத்திரை இல்லை. குழந்தை வேண்டாமென்றால் அதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும்.

கிளம்பும்போது அம்மா கதவருகே நின்று, "எனக்கும் முப்பத்தெட்டுலயே நின்னுபோச்சு, நல்லதாப்போச்சுன்னு விட்டுட்டேன்" என்றார். போன வருடம் பாத்ரூமில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு உடைந்ததாம். எலும்பின் பலத்தைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் இரண்டு பேருக்கும் எழுதினேன். வீட்டில் இன்னொரு மகள் இருக்கிறாராம், 27 வயது. அடுத்த முறை அவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.