சினாம்பா: மிதக்கும் தோட்டமா, படல் திட்டா?

மெக்சிகோ நகரத்தின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ என்ற ஏரிப்பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் சினாம்பா என்பதை "மிதக்கும் தோட்டம்" என்று எழுதிவிடுகிறார்கள், தமிழிலும் அப்படியேதான் வருகிறது. சினாம்பா மிதப்பதில்லை. ஏரியின் அடித்தரையிலிருந்தே எழுப்பிய வயல் அது.

அஸ்டெக்குகள் பேசிய நாவாட்ல் மொழிச் சொல் இது. இன்றும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்த மொழியைப் பேசுகிறார்கள். சினாமித்ல் என்றால் நாணலாலோ கழிகளாலோ அடைத்த வேலி, 1571இல் வந்த, ஸ்பானியப் பாதிரியார் மோலினாவின் நாவாட்ல் அகராதியிலும் இதே பொருள்தான் இருக்கிறது. பான் என்பது இடத்தைக் குறிக்கும் விகுதி. ஆக, வேலி அடைத்த இடம்.

கட்டும் முறையும் அதையேதான் சொல்கிறது. ஆழமில்லாத ஏரிப்பகுதியில் நீளவாக்கில் கழிகளை ஊன்றி, இடையே நாணலைப் பின்னி அடைத்து, உள்ளே நீர்ச்செடிகளையும் ஏரிச் சேற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் மட்டத்துக்கு மேலே மண் எழும்பும்வரை நிரப்புவார்கள். ஓரத்தில் அவெஹோத்தே என்ற மரத்தை நடுவார்கள். அதன் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும், ஒல்லியாக நெட்டுக்குத்தாக வளர்வதால் பயிருக்கு நிழலும் அதிகம் விழாது. திட்டு குறுகலானது என்பதால் இருபக்க வாய்க்காலிலிருந்தும் ஈரம் தானாகவே வேருக்கு ஊறி வரும். நாற்றங்காலுக்கும் அதே சேறுதான்: சேற்றைப் பரப்பி, பாதி காய்ந்ததும் சதுரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் குழி போட்டு விதையை வைத்து, முளைத்த பிறகு மண்ணோடு பெயர்த்து நடுவார்கள். இவ்வளவு நுட்பமான வேளாண்மையை "மிதக்கும்" என்ற ஒரு சொல் மாயவித்தை ஆக்கிவிடுகிறது.

"மிதக்கும் தோட்டம்" என்ற அந்தப் பெயர் பழையது. 1590இலேயே ஸ்பானியப் பாதிரியார் அகோஸ்தா தண்ணீர்மேல் நகரும் தோட்டங்கள் என்று எழுதிவிட்டார், பின்னால் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பின்னிய அடைப்புக்கு நம்மிடம் படல் என்ற சொல் இருக்கிறது, தண்ணீர் நடுவே மேடான நிலத்துக்குத் திட்டு இருக்கிறது. "படல் திட்டு" என்பேன். முதல் முறை சினாம்பா என்று எழுதி அடுத்து இதைப் போட்டால் போதும், இரண்டுமே நிற்கும்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் தண்ணீர். மிதப்பதாக இருந்தால் நீர் இறங்கும்போது தோட்டமும் சேர்ந்து இறங்கியிருக்கும். ஊன்றி நிற்கும் திட்டோ நீர்மட்டம் தாழ்ந்ததும் ஈரம் எட்டாமல் காய்ந்துபோகும், நடந்ததும் அதுதான். 1607இல் தொடங்கிய வடிகால் வேலை மெக்சிகோ நகரம் இருக்கும் பள்ளத்தாக்கின் ஏரிகளை மெல்ல மெல்ல வற்ற வைத்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோச்சிமில்கோவின் ஊற்றுநீரையும் குழாய் போட்டு நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1987இல் யுனெஸ்கோ சோச்சிமில்கோவை உலக மரபிடமாக அறிவித்தது. இப்போது அந்த வாய்க்கால்களில் நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரும் விடப்படுகிறது, அதை நம்பித்தான் சினாம்பா விவசாயிகள் லெட்யூஸும் பருப்புக்கீரையும் பூச்செடிகளும் வளர்க்கிறார்கள்.